நாய் கடித்தால் தடுப்பூசி மட்டும் போதுமா? காயத்தில் போடும் அந்த இன்னொரு ஊசி!

'எங்கள் 7 வயதுப் பையனைத் தெருநாய் கன்னத்தில் கடித்துவிட்டது. பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் கையில் ஊசி போட்டு, 3-ம் நாள் மறுபடி வரச் சொன்னார்கள். போனபோது வேறொரு டாக்டர் இருந்தார். காயத்தைப் பார்த்துவிட்டு, "மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்க. காயத்துக்குள்ளேயே ஒரு ஊசி போடணும், மோனோகுளோனல்னு பேரு" என்றார். ஏற்கெனவே புண்ணான கன்னத்தில் ஊசியால் குத்துவார்களா? பயமாக இருக்கிறது. தடுப்பூசிதான் போட்டாயிற்றே, அது போதாதா?'

நம் கேள்வி-பதில் பகுதிக்குத் தொலைபேசியில் வந்த கேள்வி இது. 15 நாளுக்கு ஒருமுறை வரும் இதழுக்காகக் காத்திருக்கிற கேள்வி இல்லை என்பதால், அப்போதே சொன்ன பதில்: 'போதாது. இன்றைக்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டுவதற்குள் அந்த ஊசியைப் போட்டாக வேண்டும்.'

அதே வாரத்தில் இன்னும் சில கேள்விகளும் வந்திருந்தன. மார்பகப் புற்றுநோய்க்கு எழுதிக்கொடுத்த ஊசி பற்றி ஒன்று, பாம்புக்கடி பற்றி ஒன்று, சினை மாடு பற்றி ஒன்று. பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் இந்த மோனோகுளோனல் சங்கதியைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

விதைநெல்லும் வடித்த சோறும்

நாய்க்கடிக்கு நாம் போடும் தடுப்பூசி விதைநெல் மாதிரி. அதில் செயலிழக்க வைத்த ரேபிஸ் கிருமி இருக்கிறது. அதை அடையாளம் கண்டு நம் உடம்பே கிருமியைப் பிடித்து முடக்கும் புரதத்தை உண்டாக்க வேண்டும். இந்தப் புரதத்துக்குத்தான் ஆன்டிபாடி என்று பெயர். எதிர்ப்பொருள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஊசி போட்டதும் இது வந்துவிடாது. போதுமான அளவு உருவாக ஒரு வாரத்துக்கு மேல், சிலருக்கு 2 வாரம் வரை ஆகும்.

அதுவரை கிருமி சும்மா இருக்காது. கடித்த இடத்தில் எச்சில் வழியாக இறங்கி, நரம்பைப் பிடித்து மூளையை நோக்கி நகர ஆரம்பிக்கும். காலில் கடித்தால் தூரம் அதிகம். முகம், கழுத்து, தலை என்றால் மூளை பக்கத்திலேயே இருக்கிறது. விரல் நுனியில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் அங்கும் ஆபத்து கூடுதல். குழந்தைகள் உயரம் குறைவு, நாய் எட்டிப் பிடிப்பது முகத்தைத்தான். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அதன்பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. உலகத்தில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே நாய்க்கடியால் வந்தவை.

விதைத்த நெல் விளையும் வரைக்கும் வீட்டில் சாப்பிட என்ன செய்வது? வடித்த சோறு வேண்டும். காயத்தில் போடும் ஊசி அதுதான். வேறு உடம்பிலோ தொழிற்சாலையிலோ ஏற்கெனவே தயாராகிவிட்ட ஆன்டிபாடியை, கிருமி இறங்கிய அதே இடத்தில் கொண்டுபோய் நிரப்புகிறார்கள். நரம்புக்குள் நுழைவதற்கு முன்பே கிருமியை அங்கேயே மடக்குவது நோக்கம். அதனால்தான் கையிலோ இடுப்பிலோ போடாமல், காயத்துக்கு உள்ளேயும் சுற்றியும் போடுகிறார்கள். வலிக்கும்தான். பையன் அழுவான். பிடித்துக்கொள்ளுங்கள்.

இரவல் சோறு என்பதால் சில வாரங்களில் கரைந்துவிடும். ஆகவே, 'அந்த விலை உயர்ந்த ஊசியைப் போட்டாச்சு, தடுப்பூசி மிச்சத்தை விட்டுவிடலாம்' என்று நினைப்பதும் தவறு. இரண்டும் வேண்டும்.

யாருக்கு இது தேவை?

எல்லாக் கடிக்கும் இது தேவையில்லை. புண் இல்லாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும். பல் பட்டு, ரத்தம் வராத சின்னக் கீறல் என்றால் தடுப்பூசி மட்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, ஏற்கெனவே இருக்கும் புண்ணை நாய் நக்கினாலோ, வாய், கண் போன்ற ஈரமான இடங்களில் எச்சில் பட்டாலோ மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு இந்த ஆன்டிபாடியும் சேர வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இரண்டாம் வகைக் கடிக்கும் போடச் சொல்கிறார்கள். முன்பே முழுத் தொடர் தடுப்பூசி போட்டு முடித்தவரை மறுபடி நாய் கடித்தால், 2 தடுப்பூசி போதும், ஆன்டிபாடி வேண்டாம். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அன்றைக்கு உதவும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது. கடித்த உடனே பம்புசெட் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஓடவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். இரண்டு சொம்பு ஊற்றுவது கழுவுவது ஆகாது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், பச்சிலை எதையும் வைக்க வேண்டாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். அவசரப்பட்டுத் தையல் போடுவதும் கூடாது. போட்டே ஆக வேண்டும் என்றால், ஆன்டிபாடி ஊசிக்குப் பிறகுதான்.

'நாய் 10 நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம்' என்ற பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. வரிசை தலைகீழ். முதலில் ஊசியை ஆரம்பிக்க வேண்டும். நாய் 10 நாளும் ஆரோக்கியமாக இருந்தால், மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

குதிரையில் இருந்து எலிக்கு

தயார் நிலை ஆன்டிபாடி புதிதல்ல. 1890-ல் ஜெர்மனியில் எமில் வான் பெரிங்கும் ஜப்பானைச் சேர்ந்த கிடசாட்டோவும், நோயை எதிர்த்து நின்ற விலங்கின் ரத்தத் தெளிவை எடுத்து இன்னொரு விலங்குக்குக் கொடுத்தால் அதுவும் பிழைக்கிறது என்று காட்டினார்கள். அந்த வழியில்தான் இன்றைக்கும் குதிரைக்குச் சிறிது சிறிதாகக் கிருமியையோ விஷத்தையோ கொடுத்துப் பழக்கி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். ரேபிஸுக்குக் குதிரைச் சீரம் இருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுப்பதும் உண்டு. அது விலை அதிகம், கிடைப்பதும் அரிது.

குதிரை ரத்தத்தில் வருவது கலப்புப் பயிர். துவரையும் கம்பும் தட்டைப்பயறும் ஒரே காட்டில் நிற்கிற மாதிரி, பல செல்கள் உண்டாக்கிய பலவகை ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். நமக்கு வேண்டிய வகை அதில் ஒரு பங்குதான். குதிரைக்குக் குதிரை, ஈட்டுக்கு ஈடு மாறும்.

வேண்டிய ஒரே ஒரு செல்லைப் பிடித்து, அதை மட்டும் பெருக்க முடிந்தால்? திசு வளர்ப்பு வாழையில் நல்ல தார் போட்ட ஒரு தாய்க்கன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சு அசலாக நாற்று எடுக்கிறோமே, அதுபோல. மோனோ என்றால் ஒன்று, குளோன் என்றால் அச்சு அசல் வாரிசு. ஒரே செல்லின் வாரிசுகள் உண்டாக்கும், ஒரே மாதிரியான ஆன்டிபாடிதான் மோனோகுளோனல் ஆன்டிபாடி.

சொல்வது சுலபம். ஆன்டிபாடி உண்டாக்கும் செல்லை உடம்பிலிருந்து வெளியே எடுத்தால் சில நாளில் செத்துவிடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1975-ல் சீசர் மில்ஸ்டைன், ஜார்ஜ் கோலர் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எலிக்கு ஊசி போட்டு, அதன் மண்ணீரலில் இருந்து ஆன்டிபாடி செய்யும் செல்களை எடுத்தார்கள். சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் புற்றுநோய்ச் செல்லோடு அவற்றை இணைத்தார்கள். இணைந்த செல்லுக்கு ஒருவரிடமிருந்து வேலையும், இன்னொருவரிடமிருந்து ஆயுளும் வந்தது. இணையாத செல்கள் பிழைக்க முடியாத கரைசலில் வளர்த்துக் களை எடுத்தார்கள். மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, சரியானதைத் தேர்ந்து பெருக்கினார்கள். 1984-ல் இருவருக்கும், நீல்ஸ் யெர்னே என்பவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறைக்குக் காப்புரிமை பதியப்படவே இல்லை. அதனால் உலகத்தில் எந்த ஆய்வகமும் இதைச் செய்து பார்க்க முடிந்தது. விதைக்குக் காப்புரிமை என்று பேசுகிற காலத்தில் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

எலிப் புரதத்தை மனித உடம்பு அந்நியமாகப் பார்த்து விரட்டியது ஒரு சிக்கல். 1986-ல் கேம்பிரிட்ஜிலேயே கிரெகரி வின்டரும் அவர் குழுவினரும் அதற்கு வழி சொன்னார்கள். நம்ம மா ஒட்டுச்செடி மாதிரிதான். வேர்ச்செடி மனித ஆன்டிபாடி. கிருமியைப் பிடிக்கும் நுனி மட்டும் எலியுடையது. இப்போது அதையும் தாண்டி, மனித ஜீன் பொருத்தப்பட்ட எலிகளிடமிருந்து முழு மனித ஆன்டிபாடியே எடுக்கிறார்கள். உற்பத்திக்கு எலியே வேண்டாம். பெரிய எஃகுத் தொட்டிகளில் செல்களை வளர்த்து, அவை வெளியே விடும் புரதத்தைச் சுத்தம் செய்கிறார்கள். உயிருள்ள செல்லைத் தொற்று இல்லாமல் வளர்ப்பதும், மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருப்பதும்தான் விலை ஏற ஒரு காரணம்.

ரேபிஸ் மோனோகுளோனல் ஊசியில் நம் நாடு முன்வரிசையில் இருக்கிறது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அமைப்பு ஒன்றோடு சேர்ந்து தயாரித்த 'ரேபிஷீல்டு' 2017-ல் விற்பனைக்கு வந்தது. அடுத்து, இரண்டு ஆன்டிபாடிகள் கலந்த 'ட்வின்ராப்' என்ற ஊசியை சைடஸ் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் இந்த வகை ஊசியைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது.

அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும். உடல் எடையில் கிலோவுக்கு மனித சீரம் 20 யூனிட், குதிரைச் சீரம் 40, ரேபிஷீல்டு 3.33, ட்வின்ராப் 40. 'பக்கத்து வீட்டுக்காரருக்கு 2,000 யூனிட் போட்டார்கள், எங்களுக்கு 166 யூனிட்தான் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போக வேண்டாம். 50 கிலோ ஆளுக்கு இரண்டுமே சரியான அளவுதான், மருந்துதான் வேறு.

ஒற்றைப் பயிரின் ஆபத்து

புதியது எல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ரகத்தை ஊர் முழுக்க நட்டால், ஒரு நோய் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போவது நமக்குத் தெரியும். மோனோகுளோனலுக்கும் அதே பலவீனம் உண்டு. அது கிருமியின் ஒரே இடத்தைத்தான் பிடிக்கிறது. கிருமி அந்த இடத்தை மாற்றிக்கொண்டால் ஊசி வீண். கொரோனா காலத்தில் இது நடந்தது. 2021-ல் பெரிதாகப் பேசப்பட்ட பல மோனோகுளோனல் மருந்துகள், ஒமைக்ரான் வகை பரவியதும் பிடி நழுவிப் பயனற்றுப் போயின. ரேபிஸ் கிருமி கொரோனா அளவுக்கு வேகமாக மாறுவதில்லை. இருந்தாலும் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகளைக் கலப்பது பாதுகாப்பு என்ற கருத்து அதனால்தான் இருக்கிறது.

ஆகவே, ஆஸ்பத்திரியில் குதிரைச் சீரம்தான் இருக்கிறது என்றால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். முன்பு குதிரைச் சீரத்தால் ஒவ்வாமை அதிகம் வந்தது உண்மை. இப்போது சுத்திகரித்து வருவதால் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 'மோனோகுளோனல் வந்ததும் போட்டுக்கொள்கிறேன்' என்று நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

இனி மற்ற கேள்விகள்.

'வெறிநாய் எங்கள் கறவை மாட்டைக் கடித்துவிட்டது. மாட்டுக்கும் இந்த ஊசி உண்டா?'

மாட்டுக்கு நடைமுறையில் ஆன்டிபாடி ஊசி போடுவதில்லை. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி (கையுறை போட்டுக்கொண்டு), அன்றே கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசித் தொடரை ஆரம்பியுங்கள். 0, 3, 7, 14, 28-ம் நாள் என்று போகும். கடித்ததே தெரியாமல் போன மாடுகளில்தான் ஆபத்து. மாடு தீவனத்தை விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும், குரல் மாறிக் கத்தும். தொண்டையில் மாங்கொட்டையோ பனங்கொட்டையோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவோம். கையில் அருவாள் கீறலோ வெடிப்போ இருந்தால் கிருமி அங்கே இறங்கும். அப்படிக் கை விட்டிருந்தால், மாடு கடிக்கவில்லை என்றாலும் மூன்றாம் வகைக் கடியாகத்தான் கணக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மாட்டின் பாலைப் பயன்படுத்த வேண்டாம்.

'என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். 3 வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருடம் போட வேண்டும் என்கிறார்கள். பெயர் டிராஸ்டுசுமாப். இரண்டு மாட்டை விற்றாகிவிட்டது. பாதியில் நிறுத்தலாமா?'

அய்யா, நீங்களாக நிறுத்தாதீர்கள். 'மாப்' என்று முடியும் மருந்துகள் எல்லாம் இந்த மோனோகுளோனல் குடும்பம்தான். டிராஸ்டுசுமாப், 'ஹெர்-2' என்ற புரதம் அதிகமாக இருக்கும் மார்பகப் புற்றுநோயை மட்டும் பிடிக்கும். மார்பகப் புற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவைதான் இந்த வகை. அதனால், ஹெர்-2 பரிசோதனை முடிவு கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த வகைக்கு இது உயிர் காக்கும் மருந்து.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன. எந்த கம்பெனி மருந்து எழுதியிருக்கிறார்கள்? 2014-லேயே பெங்களூருவின் பயோகான், மூல மருந்துக்கு நிகரான மருந்தை விலை குறைத்துக் கொண்டுவந்தது. இப்போது பல இந்திய கம்பெனிகள் தயாரிக்கின்றன. அரசு அங்கீகரித்த நிகர் மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டாவது, முதலமைச்சர் காப்பீட்டில் இது வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். அரசு புற்றுநோய் மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, கால அளவு. ஆரம்பநிலைப் புற்றுக்கு 6 மாதமே போதுமா என்று பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு வருடம் போட்டவர்களுக்கும் 6 மாதம் போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அது சொன்னது. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை, எல்லா நோயாளிக்கும் பொருந்தவும் பொருந்தாது. உங்கள் வீட்டம்மாவின் நிலைக்குப் பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்பதில் தவறில்லை. இந்த மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும் என்பதால், 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொன்னால் செலவு என்று தள்ளிப்போடாதீர்கள்.

'மூட்டுவாதத்துக்கு அடாலிமுமாப் ஊசி போடுவதற்கு முன்னால் டி.பி பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். எனக்குச் சளி, இருமலே இல்லையே?'

செய்துகொள்ளுங்கள் அம்மா. உடம்பின் பாதுகாப்புப் படை தன் மூட்டையே தாக்குவதால் வருவது இந்த வாதம். ஊசி அந்தப் படையின் ஒரு கையைக் கட்டிவைக்கிறது. நம் ஊரில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி ஓசையில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் காவல் காப்பதும் அதே கைதான். கட்டிவிட்டால் அது எழுந்துகொள்ளும்.

'பாம்புக்கடிக்கு இப்படி ஒரு ஊசி வந்துவிட்டதா?'

இன்னும் வரவில்லை. பாம்பு விஷம் ஒரே பொருள் இல்லை, பல நஞ்சுகளின் கலவை. ஒன்றை மட்டும் பிடித்தால் மற்றது கொல்லும். அதனால் இங்கே குதிரையின் கலப்புப் பயிர்தான் இன்றைக்கும் கைகொடுக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்து கம்பெனிகள் அதைக் குதிரைக்குக் கொடுத்து விஷமுறிவு மருந்து எடுக்கின்றன. 2024-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, நாகம், கட்டுவிரியன் போன்ற பாம்புகளின் நரம்பு நஞ்சில் ஒரு முக்கிய வகையை முடக்கும் ஒரு ஆன்டிபாடியை உருவாக்கி எலிகளில் சோதித்திருக்கிறார்கள். பலன் தெரிந்தது. மனிதர்களுக்கு வர இன்னும் பல படிகள் இருக்கின்றன. அதுவரை பாம்பு கடித்தால் கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம். கடித்த கை, காலை அசைக்காமல் வண்டியில் ஏற்றி, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

'மெடிக்கலில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் பசுவின் சிறுநீரை விட்டால் சினை தெரியுமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் தெரியும் என்கிறார்.'

தெரியாது. அந்த அட்டையில் கோடு விழ வைப்பதும் மோனோகுளோனல் ஆன்டிபாடிதான். பெண்களின் கர்ப்பத்தில் மட்டும் சுரக்கும் ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோனைப் பிடிப்பதற்காகவே அதைத் தயாரித்து அட்டையில் தடவியிருக்கிறார்கள். பசு அந்த ஹார்மோனைச் சுரப்பதே இல்லை. 8 மாதச் சினை மாடாக இருந்தாலும் அட்டை 'இல்லை' என்றுதான் காட்டும். சினை ஊசி போட்ட பிறகு 21-ம் நாளை ஒட்டி மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லை என்றால், 2 முதல் 3 மாதத்துக்குள் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.